பேரணையும் வயல் மடையும்



1978-ஆம் ஆண்டு மே மாதத்தில், அமெரிக்க விற்பனையாளர் கேரி துர்க் என்பார் தம் நிறுவனத்தின் கணினிகளை விளம்பரப்படுத்த, ஒரே மடலை நூற்றுக்கணக்கானோர்க்கு விடுத்தார். வேண்டா மின்னஞ்சல் அன்று தொடங்கிற்று. அதனை எங்கே தடுப்பது?

நம் பெரியாற்றுப் பாசனத்தை எண்ணிப் பாருங்கள். பேரணையில் மதகை அடைத்தால் கால்வாய் முழுவதும் நீர் நிற்கும். வயல் மடையை அடைத்தால் ஒரு வயலில் மட்டுமே நிற்கும். அஞ்சலை ஏற்கும் சர்வர் பேரணை போன்றது. நம் கைப்பேசியிலுள்ள அஞ்சற் செயலி வயல் மடை போன்றது.

சர்வரில் தடுத்தால் ஒரு காவல் ஆயிரம் பேரைக் காக்கும். அங்கே பிழை நேரின் இழப்பும் பலருக்காம். மடலை ஏற்குமுன்னரே 550 என்னும் குறியெண்ணுடன் மறுத்தால், அனுப்பியவர் அதனை அறிவார். வேறு வழி தேடுவார். ஏற்றுக்கொண்டு ஓசையின்றி அழித்தாலோ, இருவரும் அறியார். கல்லூரிச் சேர்க்கைக் கடிதம் அங்ஙனம் மறைந்தால் ஓராண்டே வீணாகலாம். செயலி பிரித்து வைப்பதையோ நாம் மீட்டெடுக்கலாம்.

ஆதலின், ஐயமற்ற தீமையைச் சர்வர் மறுக்கட்டும். ஐயத்திற்குரியது நம் பார்வைக்கு வரட்டும். ஜிமெயில் தன் ஸ்பேம் பகுதியிலுள்ளவற்றை 30 நாளில் அழித்துவிடும். சேர்க்கைக் காலத்தில் அப்பகுதியை நாள்தோறும் நோக்குங்கள். இறுதித் தீர்ப்பு உங்களுடையதாகவே இருக்கட்டும்.