கல்லீரல் என்னும் பம்பு
(முன்னாள் மாணவர் சங்கமத்தின் முதல் நாள் மாலை நிகழ்த்திய உரை)



குடியைப் பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளர் அண்ணன் சொன்னபோது, "ராத்திரி விருந்துக்கு முன்னாடியா, பின்னாடியாண்ணே?" என்று கேட்டேன். "முன்னாடிதான்டா, பின்னாடி எவன் கேப்பான்?" என்றார். ஆகவே வந்து நிற்கிறேன். நான் டாக்டர் அல்ல. மெக்கானிக்கல் படித்து, பம்பு செய்து பிழைப்பவன். அதனால் பம்பைப் பற்றியே பேசுகிறேன்.

நம் கல்லீரல் ஒரு பாசிட்டிவ் டிஸ்பிளேஸ்மெண்ட் பம்பு. எவ்வளவு கொட்டினாலும் மணிக்கு ஏறக்குறைய ஒரே அளவைத்தான் தள்ளும். நம் ஊர் பாட்டிலில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். அப்படியானால் 180 மி.லி. குவார்ட்டரில் சுமார் 61 கிராம் சுத்த ஆல்கஹால். 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு, 100 மி.லி. ரத்தத்தில் 140 மில்லிகிராம் வரை ஏறலாம். வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிப்பது 30. மணிக்குக் குறைவதோ சுமார் 15 தான். இரவு 10 மணிக்குக் குடித்தவர் காலை 5 மணிக்கு மேல்தான் 30-க்கு இறங்குவார். 375 மி.லி. 'ஆஃப்' என்றால் மறுநாள் மத்தியானம் 3 மணி ஆகிவிடும்! ஆளுக்கு ஆள் இது மாறும். பெண்களுக்கு இதே குவார்ட்டர் இன்னும் அதிகமாக ஏறும். மோர், எலுமிச்சம்பழம், கட்டங்காப்பி, தலைக்குத் தண்ணீர், எதுவும் அந்தப் பம்பின் வேகத்தைக் கூட்டாது. "தூங்கி எழுந்துட்டேன், தெளிஞ்சுட்டேன்" என்று காலை 4 மணிக்குக் காரை எடுப்பவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் சொல்வேன்.

இந்தப் பம்பு வழியில் அசிட்டால்டிஹைடு என்ற ஒன்றையும் உண்டாக்குகிறது. அது செல்லின் மரபுப் பொருளையே கெடுக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-லேயே மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. சளிக்கு ரெண்டு மூடி பிராந்தி என்று வைத்தியம் சொல்லும் மாமாக்கள் வீட்டுக்கு வீடு இன்னும் இருக்கிறார்கள்!

கல்லீரல் கெடுவது எல்லோருக்கும் தெரியும். மூளைக்கு நடப்பது அவ்வளவாகத் தெரிவதில்லை. மூளையில் பிரேக்கும் உண்டு, ஆக்சிலரேட்டரும் உண்டு. மது பிரேக்கை அழுத்துகிறது. தினமும் அழுத்தினால், மூளை சமாளிக்க ஆக்சிலரேட்டரை மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டே போகிறது. ஒரு நாள் திடீரென்று பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் என்ன ஆகும்?

விடுதியில் என் அறை நண்பன், சிவில் படித்தவன். அவன் அனுமதியோடுதான் சொல்கிறேன். பத்து வருஷமாகத் தினமும் குடித்தவன், கார்த்திகை முதல் தேதி மாலை போட்டான். அன்றே நிறுத்தினான். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். மறுநாள் கை நடுக்கம், வியர்வை. மூன்றாம் நாள் சுவரில் பூச்சி ஊர்கிறது என்று துணியால் அடித்துக்கொண்டே இருந்தான். "காத்து கருப்பு பட்டிருக்கு" என்று அம்மா திருநீறு பூசினார். சாயங்காலம் வலிப்பு வந்த பிறகுதான் ஆஸ்பத்திரி. டாக்டர் பி1 வைட்டமின் ஊசி போட்டார். மூளையை அடக்க மருந்து கொடுத்தார். பிழைத்துவிட்டான். ஆனால் காலையில் நடந்தது மாலையில் நினைவில் நிற்பதில்லை. சைட்டுக்குப் போவதை விட்டுவிட்டான்.

விரதம் இருப்பதை நான் குறை சொல்லவில்லை. தினமும் குடிப்பவர் மாலை போடுவதற்குச் சில வாரம் முன்பே டாக்டரைப் பார்த்து, மருந்தோடு நிறுத்த வேண்டும். நிறுத்திய முதல் நாலைந்து நாள்தான் கண்டம். வீட்டுப் பெண்களுக்கும் ஒரு வார்த்தை. "அவருக்குத் தெரியாமல் காப்பியில் கலந்து கொடுங்கள்" என்று விளம்பரம் வருமே, அந்த மாதிரி எதையும் கலக்காதீர்கள். குடியை நிறுத்தும் மாத்திரைகளில் ஒரு வகை உண்டு. அது உள்ளே இருக்கும்போது குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம்.

தூக்கம் வருவதற்காகக் குடிப்பவர்கள் நம் தொழிலில் நிறைய. படுத்தவுடன் கண் அசரும், மூணு மணிக்கு விழிப்பு வரும். காலையில் காரணமில்லாத பயம், எரிச்சல். அதை அடக்க மறுபடி கிளாஸ். இதனோடு தூக்க மாத்திரையும் சேர்த்தால் மூச்சே நின்று போகலாம். கஞ்சா "இயற்கைதானே" என்கிறார்கள் தம்பிகள். எட்டிக்கொட்டையும் இயற்கைதான்! இளம் வயதில் அடிக்கடி புகைப்பவர்களுக்கு மனச்சிதைவு வரும் வாய்ப்பு கூடுகிறது, குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்திருந்தால் இன்னும் அதிகம்.

எங்கே போவது? சென்னையில் 1980-ல் சாந்தி ரங்கநாதன் அம்மையார் தொடங்கிய டி.டி.ஆர். அறக்கட்டளையின் மருத்துவமனை இருக்கிறது. மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 2022 முதல் 14416 என்ற எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

செயலாளர் அண்ணனிடம் கேட்டு ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். விருந்துப் பந்தல் வாசலில் ஒரு மேஜை, அதன் மேல் சாவிக்கு ஒரு டப்பா. சாவியைப் போட்டுப் பெயர் எழுதிவிட்டுப் போங்கள். காலையில் கிளம்ப வேண்டியவர்களுக்கு ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் ரயில் நிலையம் வரை வேன் உண்டு. காரை மத்தியானச் சாப்பாடு முடித்து எடுத்துக்கொள்ளலாம். டப்பாவுக்குக் காவல் நான்தான்.