மெய்யெண்ணும் உப்புப் பாத்தியும்
(இரும்பையில் ஆற்றிய பொழிவு)

 

ஒன்றுக்குக் கீழ்ப்பட்ட அளவைகளை நம் முன்னோர் கீழ்வாயிலக்கம் என்றனர். கால், அரை, முக்கால் என்பன இன்றும் அங்காடியில் வழங்குகின்றன. மாகாணி 1/16, மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320. திண்ணைப் பள்ளிச் சிறுவன் எண்சுவடியில் இவற்றை வாய்பாடாக ஒப்பித்தான்.

முந்திரிக்கும் ஒரு குறை உண்டு. ஒன்றை மூவர்க்குப் பங்கிட்டால், ஆளுக்கு 106 முந்திரி போக இரண்டு முந்திரி மீந்து நிற்கும். 320 என்னும் எண் மூன்றால் வகுபடாமையே கரணியம். ஆயின், முந்திரியை மேலும் 320 கூறாக்கிக் கீழ்முந்திரி என்றும், அதனை 21 கூறாக்கி இம்மி என்றும் ஒரு வாய்பாட்டு மரபு வகுத்துள்ளது. ஓர் இம்மி 1/2150400. இருபத்தொன்றனுள் மூன்றும் ஏழும் உறைகின்றன. ஆதலின் மூன்றில் ஒன்று எச்சமின்றி 716800 இம்மி ஆகும். ஏழில் ஒன்று 307200 இம்மி. ஏன் இருபத்தொன்று என்று வினவாமல் உருப்போட்டவர்க்கு இந்நுட்பம் விளங்கியிராது.

முழுவெண் ஒன்றைச் சுழியல்லாத மற்றொரு முழுவெண்ணால் வகுத்துப் பெறும் இத்தகைய எண்களைப் பாடநூல்கள் விகிதமுறு எண் என்கின்றன. விகிதம் வடசொல். பகுவெண் எனலாம் என்றால், பகுவெண், பகாவெண் என்னும் பெயர்கள் வேறு வகைகட்கு உரிமையாகிவிட்டன. வகுத்தலின் பயனை ஈவு என்பது தமிழ் வழக்கு. ஆகவே ஈவெண் என்க. 1, 2, 3 முதலாய இயலெண்களும், சுழியும், கடனைக் குறிக்கும் குறையெண்களும் இதனுள் அடங்கும்.

எல்லா அளவும் ஈவெண்ணுள் அடங்குமோ? விடை இவ்வூர்க்கு வடகிழக்கே, மரக்காணத்து உப்பளங்களில் கிடக்கிறது. நாற்பக்கமும் பத்தடியாக, மூலைகள் செங்கோணமாக ஒரு பாத்தி கட்டுவதாகக் கொள்க. மூலைக்கு மூலை கயிறு பிடித்தால் எத்தனை அடி?

நெடும்பக்கத்தில் எட்டில் ஏழு பங்கையும் குறும்பக்கத்தில் பாதியையும் கூட்டுக என்றொரு கணக்கு மேடைதோறும் முழங்கப்படுகிறது. பித்தாகோரசை வென்றது என்று கைதட்டலும் பெறுகிறது. 3, 4 என்னும் பக்கங்களுக்கு 5 என்றும், 5, 12 என்பவற்றுக்கு 13 என்றும் அது பிழையறக் கூறும். பத்தடிப் பாத்திக்கோ 13.75 அடி என்னும். கயிறோ 14.14 அடிக்குமேல் நீளும். ஏறத்தாழ ஓரடியில் ஐந்தில் இரண்டு பங்கு குறைகிறது. அதை நம்பி வரப்பமைத்தால் பாத்தி கோணும். விரைந்து மதிப்பிடுவதற்கு அது நல்ல கருவி, அவ்வளவே. இல்லாத பெருமையைச் சொல்லிக் கைதட்டல் வாங்குவோர் தமிழ்க்குக் கேடே செய்கின்றனர். கயிறு பிடித்து அளந்து ஏமாறும் மாணவன், இம்மியின் நுட்பத்தையும் பொய்யென்று ஒதுக்கிவிடுவான்.

பிழையற்ற விடைதான் யாது? அக்கயிற்றைப் பக்கமாகக் கொண்டு வேறொரு பாத்தி கட்டினால், அதன் பரப்பு முதற்பாத்தியின் இரட்டிப்பாகும். கயிற்றின் நீளத்தைப் பக்கத்தால் வகுத்த ஈவை, மேலும் சுருக்கவியலாத மேலெண், கீழெண் என இரு முழுவெண்களாகக் கொள்வோம். மேலெண்ணைத் தன்னாற் பெருக்கிய தொகை, கீழெண்ணைத் தன்னாற் பெருக்கிய தொகையின் இரட்டிப்பு; ஆதலின் அஃது இரட்டைப்படை. ஒற்றையை ஒற்றையாற் பெருக்கின் ஒற்றையே வரும். எனவே மேலெண்ணும் இரட்டைப்படையே. அங்ஙனமாயின் அதன் தற்பெருக்கம் நான்கால் வகுபடும், அதிற் பாதியாகிய கீழெண்ணின் தற்பெருக்கம் இரட்டைப்படையாகும், கீழெண்ணும் இரட்டைப்படையாகும். இரண்டும் இரட்டைப்படையெனின் இரண்டால் சுருக்கலாமே! சுருக்கவியலாது என்று கொண்டது முரண்பட்டது. ஆகவே அத்தகைய ஈவே இல்லை. இம்மியை எத்துணைக் கோடிக் கூறாக்கினும், பத்தடிப் பக்கத்தை நேராக அளக்கும் எக்கூறும் அக்கயிற்றை எச்சமின்றி அளக்காது.

இதுவே ஈவிலாவெண். பதின்மப் புள்ளியிட்டு எழுதினால் வேறுபாடு கண்ணுக்குப் புலனாகும். 1/8 என்பது 0.125 என முடிந்துவிடும். 1/7 என்பதில் 142857 என்னும் ஆறு இலக்கங்களும் மீண்டும் மீண்டும் வரும். இரண்டின் வேரோ 1.41421356 என முடிவும் மீள்வுமின்றிச் செல்லும். ஈவெண், ஈவிலாவெண் இரண்டும் சேர்ந்த தொகுதியே மெய்யெண். எண்கோட்டில் ஈவெண்கள் எத்துணை நெருங்கி நிற்பினும் இடையே துளைகள் உள. அவற்றை நிரப்பி மெய்யெண்ணுக்குத் திட்டமான வரையறை தந்தவருள் ஒருவர் செருமானியரான தெடெக்கிண்டு; ஆண்டு 1872. ஈவெண்களை ஒன்று, இரண்டு என வரிசையில் நிறுத்திவிடலாம், மெய்யெண்களை அவ்வாறு நிறுத்தவே இயலாது என்று 1874-இல் காண்டர் மெய்ப்பித்தார்.

வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்த ‘பை’யும் ஈவிலாவெண்ணே, பள்ளியில் வழங்கும் 22/7 கைக்கணக்கு. அதன் ஈவின்மையை 1761-இல் இலாம்பர்ட்டு நிறுவினார். முழுவெண் கெழுக்களையுடைய எந்தப் பல்லுறுப்புச் சமன்பாட்டுக்கும் அது விடையாகாது என 1882-இல் இலிண்டெமன் காட்டினார். இரண்டின் வேர்க்கு அச்சிறப்பு இல்லை. குடந்தையில் வளர்ந்த இராமானுசன், பையை விரைந்து நெருங்கும் தொடர்கள் பலவற்றை 1914-இல் வெளியிட்டார்.

பையும் ஈவிலாவெண், ஆய்லரின் பெயரால் வழங்கும் 2.71828 எனத் தொடங்கும் எண்ணும் ஈவிலாவெண். அவ்விரண்டையும் கூட்டிய தொகை ஈவெண்ணோ, ஈவிலாவெண்ணோ என்பதை இன்றுவரை எவரும் மெய்ப்பித்திலர்.