டீசல் லாரிக்கு முதுமை வந்தால்



இலக்கியம் வல்லார் பலர் வீற்றிருக்கும் இம்மேடையில், எண்ணெய்க் கறை படிந்த கையினரான எங்களையும் பேச அழைத்த சங்கத்தாரின் துணிவைப் பாராட்டுகிறோம். எங்களுக்குத் தெரிந்த பொருள் ஒன்றே. அது பழைய லாரி.

செம்பூர்வாசிகளாகிய நீங்கள் மாகுல் சாலையில் வரிசை வரிசையாக நிற்கும் டாங்கர் லாரிகளைக் கண்டு சலித்திருப்பீர்கள். 1954, 1955 ஆகிய ஆண்டுகளில் அங்கே இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் எழுந்தன. அன்று தொட்டு அவ்வட்டாரத்திற்கு லாரியும், லாரிக்குப் பட்டறையும் இன்றியமையாதன ஆயின. டாட்டா நிறுவனத்தார் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸ் நிறுவனத்தாருடன் கூடி ஜாம்ஷெட்பூரில் லாரி செய்யத் தொடங்கியதும் அதே 1954-இல்தான். நம் சென்னைக்கருகே எண்ணூரில், 1948-இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ் 1955-இல் அசோக் லேலண்டு ஆயிற்று. 1969-இல் ஜெர்மானியரோடு செய்த ஒப்பந்தம் முடிந்து, லாரியின் முகப்பிலிருந்த நட்சத்திரம் மறைந்தது. எஞ்சினின் குணம் மறையவில்லை. பழைய டாட்டா எஞ்சின் ஒன்றை நாங்கள் '697' என்போம். ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றின் விட்டமும் 97 மில்லிமீட்டர். அவ்வளவே அந்தப் பெயரின் இரகசியம்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி உண்டாக்கும் பிளக்கு கிடையாது. உள்ளிழுத்த காற்றை ஏறத்தாழப் பதினேழில் ஒரு பங்காக நெருக்குகிறோம்; அது 500 டிகிரிக்கும் மேல் சூடேறுகிறது. அவ்வெப்பத்தில் டீசலை மூடுபனி போல் தெளித்தால் தானே பற்றிக்கொள்ளும். தெளிப்பதற்கு டீசலை அழுத்தித் தரும் பம்பினுள், தண்டுக்கும் அதன் உறைக்கும் உள்ள இடைவெளி தலைமயிரின் பருமனில் இருபதில் ஒரு பங்குதான். அங்கே ஒரு துகள் மணல் புகுந்தால் என்னாகும்? ஆகவேதான் பில்டரை மாற்று, மாற்று என்று மன்றாடுகிறோம். காப்பி பில்டரில் தூள் இறங்கினால் முகஞ்சுளிக்கும் நம் வீட்டார்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை. லாரி முதலாளிகளுக்குத்தான் விளக்க வேண்டியிருக்கிறது!

நிற்க. பம்பாய் மழையைப் பற்றிச் சொல்லாமல் பழைய லாரியைப் பற்றிச் சொல்ல இயலாது. இரவில் டீசல் தொட்டி பாதி காலியாக இருந்தால், ஈரக் காற்று அதனுள் குளிர்ந்து நீராகி அடியில் தங்கும். காற்றுப் பிரேக்கு உள்ள லாரியின் காற்றுத் தொட்டியிலும் அப்படியே. காலையில் தொட்டியின் அடிக்குழாயைத் திறந்தால், மழைக்காலத்தில் பழுப்பு நீர் பீறிட்டு வரும். ஒரு நிமிட வேலை. அதைச் செய்யாத லாரியில் அந்நீர் வால்வுக்குள் போய்த் துருவாகும். புகையும் பேசும். கரும்புகை, காற்றுக் குறைவு அல்லது டீசல் மிகுதி. நீலப்புகை, மசகெண்ணெய் எரிகிறது என்று பொருள். எஞ்சின் சூடேறிய பின்னும் வெண்புகை நிற்கவில்லையெனில் உடனே கவனிக்க வேண்டும்.

இவையெல்லாம் எஞ்சினின் நோய்கள். எஞ்சின் நின்றால் லாரி நிற்கும், யாருக்கும் கேடில்லை. பிரேக்கு நின்றால் லாரி நிற்பதில்லை. இதை நாங்கள் கற்ற விதத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

பல ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆடி மாதம், வயதான லாரி ஒன்று எங்கள் பட்டறைக்கு வந்தது. பின் சக்கரத்துப் பிரேக்கு டிரம் தேய்ந்து வரிவரியாகப் பள்ளம் விழுந்திருந்தது. புதிது வாங்க வேண்டும் என்றோம். "இந்த ஒரு நடை போகட்டும் மிஸ்திரி, லேத்தில் கடைந்து கொடுங்கள்" என்றார் முதலாளி. கடைந்தால் உற்பத்தியாளர் குறித்த எல்லையைத் தாண்டும் என்பது அளவுகோல் பிடித்த எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் கடைந்து கொடுத்தோம். மெலிந்த டிரம் விரைவில் சூடேறும். சூடேறினால் விரிந்து, லைனிங்கை விட்டு விலகும். மிதித்த மிதி வீணாகும். புனேயிலிருந்து சுமையோடு திரும்புகையில் கண்டாலா இறக்கத்தில் அதுவே நிகழ்ந்தது. டிரைவர் சேலத்துக்காரர், நிதானமுடையவர். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டி வரும் பழக்கம் அவருக்கு இல்லை. கீழ்க் கியரிலேயே இறங்கியதால் லாரியை மலைப் பக்கமாகச் சாய்த்து நிறுத்த முடிந்தது. அவர் கால் முறிந்தது. கிளீனர்ப் பையன் சிராய்ப்போடு தப்பினான். மருத்துவமனையில் போய்ப் பார்த்தபோது, "ரோடு வழுக்கிவிட்டது, அண்ணே" என்றார். எங்களைக் காப்பாற்றவே அப்படிச் சொன்னாரோ என்று இன்றளவும் எண்ணுகிறோம்.

அந்த லாரிக்குத் தகுதிச் சான்று இருந்தது. எட்டாண்டு கடந்த சரக்கு லாரி ஆண்டுதோறும் சான்று பெற வேண்டும் என்பது சட்டம். ஆனால் சான்று பெற்ற நாளில் இருந்த டிரம் வேறு, பத்து மாதம் ஓடிய பின் இருக்கும் டிரம் வேறு. அதன்பின் எல்லை கடந்த டிரம்மைக் கடைவதில்லை என்று முடிவு செய்தோம். வாடிக்கைக்காரர் சிலர் கோபித்துக்கொண்டு வடாலா பக்கம் போயினர். சிலர் திரும்பி வந்தனர், சிலர் வரவேயில்லை.

2020 முதல் வரும் பி.எஸ். 6 லாரிகளில் பம்பின் வேலையைக் கணிப்பொறி ஆள்கிறது. காதால் கேட்டு நோய் சொல்லும் எங்கள் வித்தை அங்கே பாதி செல்லாது. எங்கள் பிள்ளைகள் கருவியைச் சொருகித் திரையில் படிக்கிறார்கள். படிக்கட்டும். ஆயினும் டிரம் டிரம்மாகவே இருக்கிறது. அதை அளக்கக் கையும் கண்ணும் வேண்டும்.

அன்று கடைந்த அந்த டிரம்மைத் திரும்ப வாங்கி வந்து பட்டறை வாயிலில் வைத்திருக்கிறோம். வேலைக்குச் சேரும் பையன் முதல் நாளில் அதைத்தான் அளந்து சொல்ல வேண்டும். பார்க்க விரும்பும் நம் காலனிப் பிள்ளைகள் ஞாயிறு காலையில் வரலாம். பழைய சட்டை அணிந்து வரும்படி தாய்மார்களை வேண்டிக்கொள்கிறோம்.