25 ஆண்டு காத்திருந்த சமன்பாடு

(கணித ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்கும் சூத்திரத்தை வலைப்பக்கத்தில் போட வேண்டுமென்றால் நம்மில் பலர் என்ன செய்கிறோம்? படமாக எடுத்து ஒட்டிவிடுகிறோம். பார்வையுள்ள மாணவருக்கு அது போதும். திரைவாசிப்பான் மென்பொருளைக் கொண்டு படிக்கும் பார்வையற்ற மாணவருக்கோ அங்கே ஒரு படம் இருக்கிறது என்பது மட்டும்தான் காதில் விழும். வர்க்கமூலக் குறிக்குள் என்ன இருக்கிறது, பகுதியில் என்ன இருக்கிறது, எதுவும் தெரியாது.

இதற்கு வழி எப்போதோ பிறந்துவிட்டது. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 1998-இலேயே 'மேத்எம்எல்' என்ற தரத்தை வெளியிட்டது. தொகுதி எது, பகுதி எது, அடுக்கு எது என்று சமன்பாட்டின் அமைப்பையே எழுத்தில் பதியும் முறை அது. எவருடைய தனிச்சொத்தும் அல்ல.

ஆனால் தரம் ஏட்டில் இருந்தால் போதாது, உலாவியில் வர வேண்டும். ஃபயர்பாக்ஸ் சேர்த்துக்கொண்டது. கூகுளின் குரோம் 2013 தொடக்கத்தில் ஒரே ஒரு பதிப்பில் சேர்த்துவிட்டு, பாதுகாப்புக் குறையைக் காரணம் காட்டி அடுத்த பதிப்பிலேயே எடுத்துவிட்டது. காரணம் பொய்யல்ல. குறையைச் சரிசெய்ய ஆள் ஒதுக்கியிருக்கலாமே என்பதுதான் என் கேள்வி. கணக்கு எழுதுகிறவர்களை யாரும் பெரிய சந்தையாக நினைக்கவில்லை. இத்தனைக்கும் வலை பிறந்ததே செர்ன் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில்!

கடைசியில் வேலையை எடுத்துச் செய்தது ஸ்பெயினின் 'இகாலியா'. ஊழியர்களே உரிமையாளர்களாக உள்ள நிறுவனம். தேவைப்பட்டவர்களிடம் நிதி திரட்டி, குரோமுக்கு வேண்டிய நிரலை எழுதிக் கொடுத்தது. குரோமின் அடித்தளம் திறந்த மூல நிரல் என்பதால் வெளியிலிருந்து எழுத முடிந்தது. 2023 ஜனவரியில் 109-ஆம் பதிப்பில் மேத்எம்எல் திரும்பி வந்தது. 1998-இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தை அதற்குள் ஆசிரியராகி இங்கே உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம்.

உலாவி இப்போது தயார். நம் பாடக் கோப்புகளில்தான் இன்னும் படங்கள். பிற்பகலில் கணினி ஆய்வகத்தில் லிப்ரே ஆபிஸில் ஒரு சூத்திரத்தைத் தட்டச்சு செய்து, மேத்எம்எல்லாகச் சேமித்து, வலைப்பக்கத்தில் இட்டுப் பார்ப்போம். காதொலிப்பான் கொண்டு வாருங்கள். திரையை அணைத்துவிட்டுத்தான் கேட்கப் போகிறோம்.