காய்ச்சல் இருக்கும்போதே கேளுங்கள்



இன்று டிசம்பர் 7. 1949 முதல் இந்த நாளைப் படைவீரர் கொடிநாளாகக் கொண்டாடுகிறோம். காலையில் பிள்ளைகள் உண்டியலோடு வந்து என் புடவையிலும் ஒரு சின்னக் கொடியைக் குத்திவிட்டுப் போனார்கள். நம் வேலூர் மாவட்டத்துக்கு இந்த நாள் வெறும் சடங்கு இல்லை. கம்மவான்பேட்டையை நாம் ராணுவப்பேட்டை என்றுதானே அழைக்கிறோம்? இங்கே தெருவுக்கு ஒரு வீட்டிலாவது, வெள்ளைப் பெயிண்டில் பெயரும் நம்பரும் எழுதிய கறுப்பு இரும்புப் பெட்டி ஒன்று பரண்மேல் இருக்கும்.

என் வீட்டிலும் அப்படி ஒரு பெட்டி இருக்கிறது. என் வீட்டுக்காரர் நீலகிரி வெலிங்டனில் பயிற்சி முடித்து, மதராஸ் ரெஜிமெண்டில் 28 ஆண்டுகள் இருந்து, சுபேதாராக ஓய்வு பெற்றவர். எங்களுக்கு 1988-ல் கல்யாணம். 2009-ல் அவர் ஊர் திரும்பினார். இடைப்பட்ட 21 ஆண்டில் நாங்கள் ஒரே கூரையின் கீழ் இருந்த நாட்களையெல்லாம் கூட்டிப் பார்த்தால் ஏழு ஆண்டு தேறும்.

என்னை அறிமுகம் செய்த தம்பி "தியாகத் திருவிளக்கு" என்று சொன்னார். அன்போடு சொன்னார், அதற்கு நன்றி. ஆனால் படைவீரர் மனைவிகளான எங்களைப் பற்றி ஊர் சொல்லும் சொற்களைக் குறித்துத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

ஊர் எங்களுக்கு மூன்று பெயர் வைத்திருக்கிறது. முதல் பெயர், கொடுத்து வைத்தவள். "மிலிட்டரிக்காரர் சம்சாரத்துக்கு என்னம்மா குறை? கேன்டீன் சாமான், ரயிலுக்கு வாரண்ட், மாசமானா மணியார்டர்!" கேன்டீனில் சோப்பும் குக்கரும் விலை குறைவாகக் கிடைப்பது உண்மை, மறுக்கவில்லை. அந்தக் குக்கரில் யாருக்குச் சமைப்பது என்பதுதான் எங்கள் கேள்வியாக இருந்தது.

ஒரு ஜவானுக்கு ஆண்டு விடுப்பு 60 நாள், தற்செயல் விடுப்பு 30 நாள். கேட்கும்போது நிறைய என்று தோன்றும். ஜம்முவில் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் ஏறினால் காட்பாடியில் வந்து இறங்க இரண்டு பகலும் இரண்டு இரவும் போதாது. வந்த பிறகு கிணற்றுக்குத் தூர் வார வேண்டும், தங்கை கல்யாணத்தைப் பேசி முடிக்க வேண்டும், அத்தைக்குக் கண் ஆபரேஷன் செய்ய வேண்டும், வரப்புத் தகராறைத் தீர்க்க வேண்டும். ஒரு வருஷத்து வேலை அத்தனையும் அந்த லீவுக்காகக் காத்திருக்கும். எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் மனைவியின் முறை வரும்.

என் மூத்த மகளுக்கு இரண்டு வயது நடந்தபோது அவர் லீவில் வந்தார். வாசலில் அவர் நிற்கிறார், என் இடுப்பில் குழந்தை. "அப்பா எங்கடா கண்ணு?" என்று கேட்டேன். அவள் அவர் தோளைத் தாண்டிக் கையை நீட்டிச் சுவரில் மாட்டியிருந்த போட்டோவைக் காட்டினாள். தினமும் அந்தப் போட்டோவைக் காட்டித்தான் அவளுக்குச் சோறு ஊட்டினேன். அவர் திரும்பித் தன் போட்டோவையே ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒன்றும் பேசாமல், போட்டிருந்த சட்டையை மாற்றிக்கொண்டு, போட்டோவில் இருப்பது போலவே யூனிஃபார்ம் உடுத்திவந்து அவள் முன்னால் உட்கார்ந்தார். அப்போதுதான் குழந்தை அவரிடம் போனாள். எந்தக் கேன்டீன் கார்டுக்கும் அந்த நிமிஷத்தை ஈடுசெய்யும் சக்தி கிடையாது, பெரியோர்களே.

இரண்டாவது பெயரை ஊர் சத்தமாகச் சொல்லாது. ஆம்பளை இல்லாத வீடு என்பது அந்தப் பெயர். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் பின்வரிசையில் இருக்கும் இளம் பெண்களுக்காகச் சொல்லியே ஆகவேண்டும். மின்விசிறி ரிப்பேர் ஆகி ஆள் வந்தால் வாசல் கதவை அகலத் திறந்துவைப்பேன். பக்கத்து வீட்டுப் பாட்டியைக் கூப்பிட்டுத் திண்ணையில் உட்கார வைத்துக்கொள்வேன். ஒரு சின்ன வேலைக்கு அத்தனை பாதுகாப்பு! விசிறியைப் பற்றி எனக்குக் கவலையே இருக்காது, தெருவின் வாயைப் பற்றித்தான் கவலை.

அலுவலகங்கள் வேறுவிதமாகச் சோதித்தன. வீடு கட்டுவதற்காக ஒரு கடன் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு போனேன். எல்லாத் தாளும் சரியாக இருந்தது. அவர் எழுதிக்கொடுத்த பவர் பத்திரமும் கையில் இருந்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "வீட்டுக்காரர் வரட்டும்மா" என்றார். அவர் லடாக்கில் இருக்கிறார், பாதை திறக்க மாதக் கணக்காகும் என்றேன். "அப்போ திறந்தப்புறம் வாங்க" என்றார். எல்லையைக் காக்க ஒருவரை அனுப்பிய குடும்பத்தை நம் நாட்டு ஜன்னல் ஒன்று நடத்திய விதம் இது. பத்து வட்டிக்கு வெளியில் வாங்கித்தான் அந்த வருஷம் கூரை போட்டோம்.

மூன்றாவது பெயர் வீரமங்கை. மேடையில் சொல்வது இதைத்தான். கைதட்டும் கிடைக்கும். எங்களை அதிகம் வருத்தும் பெயரும் இதுதான்.

2015 ஜனவரி 26 அன்று, மறைந்த மேஜர் முகுந்த் வரதராஜனுக்கான அசோக் சக்ரா விருதை அவர் மனைவி இந்து ரெபெக்கா வர்கீஸ் குடியரசுத் தலைவரிடமிருந்து பெற்றுக்கொண்டதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. நிமிர்ந்து நடந்துவந்தார். என்ன துணிச்சல் என்று வியந்தோம். 2024-ல் அவர்கள் கதையைச் சொல்லும் அமரன் படம் வந்தபோது தியேட்டரே அழுதது. விளக்கைப் போட்டதும் நாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டோம். அந்த நிலையில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு மறுநாள் காலையிலும் விடிகிறது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும், பென்ஷன் தாள்களுக்கு அலைய வேண்டும். அன்றைக்கு எந்தக் கேமராவும் இருக்காது. வீரமங்கை என்று பெயர் வைத்துவிட்டால் அவள் அழக்கூடாது, சலித்துக்கொள்ளக் கூடாது, உதவி கேட்கக் கூடாது என்று ஆகிவிடுகிறது.

அவளுடைய வாழ்க்கையை அவளே தீர்மானிக்கக்கூட வெகுகாலம் விட்டோமா? வீரதீர விருது பெற்றவரின் மனைவி, கணவர் இறந்தபின் மறுமணம் செய்தால் விருதுக்கான மாதத் தொகை நின்றுவிடும் என்று ஒரு விதி இருந்தது. இறந்தவரின் சகோதரரையே மணந்தால் மட்டும் தொகை தொடரும்! இந்த நிபந்தனையைப் பாதுகாப்பு அமைச்சகம் நீக்கியது எப்போது தெரியுமா? 2017 நவம்பரில். நேற்றுப் போல இருக்கிறது. அதே 2017 செப்டம்பரில், நம் சென்னைப் பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சி மையத்திலிருந்து ஸ்வாதி மகாதிக் லெப்டினென்ட்டாக வெளியே வந்தார். 2015-ல் காஷ்மீரில் கணவர் கர்னல் சந்தோஷ் மகாதிக்கைப் பறிகொடுத்தவர், இரண்டு பிள்ளைகளின் தாய். அவர் தேர்ந்துகொண்ட வழி அது. இன்னொரு பெண் ஆசிரியையாக இருப்பாள், இன்னொருத்தி மறுமணம் செய்துகொள்வாள், இன்னொருத்தி ஊரிலேயே ஆடு வளர்ப்பாள். எந்த வழியானாலும் அது அவள் வழி. அதில் எது வீரம் என்று அளக்க நமக்கு உரிமை இல்லை.

அன்பர்களே, சங்க இலக்கியம் தெரிந்தவர்கள் இந்த அவையில் பலர் இருக்கிறீர்கள். முல்லைத் திணைக்கு உரிப்பொருள் இருத்தல். தலைவன் பாசறையில் இருப்பான், தலைவி வீட்டில் ஆற்றியிருப்பாள். நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டு 103 அடிதான், பத்துப்பாட்டிலேயே சிறியது. அரசி காத்திருப்பதைத்தான் நாம் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். பாட்டின் தொடக்கத்தில் வேறொன்று நடக்கிறது. மழை பெய்த மாலையில், முதிய பெண்கள் நெல்லும் முல்லைப் பூவும் எடுத்துக்கொண்டு, அவளுக்காக ஊருக்கு வெளியே போய் நற்சொல் கேட்டு நிற்கிறார்கள். சிறு கயிற்றில் கட்டப்பட்டுத் தவிக்கும் கன்றைப் பார்த்து, உன் தாய் இப்போது வந்துவிடுவாள் என்று ஓர் ஆய்மகள் சொல்வது அவர்கள் காதில் விழுகிறது. அந்தச் சொல்லைக் கொண்டுவந்து அரசியிடம் சேர்க்கிறார்கள்.

கவனித்தீர்களா? காத்திருந்தது அவள். மழை பெய்த மாலையில் நடந்து போய் நல்ல சொல் தேடி வந்தது ஊர். இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கத்தில் முதல் பாதியை மட்டும் எங்களுக்கு விட்டுவைத்து, இரண்டாவது பாதியை நாம் மறந்துவிட்டோம்.

எனக்கும் அப்படி ஓர் ஊர் ஒருமுறை கிடைத்தது. குடும்பக் குவார்ட்டர்ஸ் கிடைத்து வடக்கே போன புதிது. எனக்கு இந்தி ஒரு வார்த்தை வராது. அவர் பயிற்சிக்காக வெளியே போயிருந்த இரவில் இரண்டாவது பிரசவ வலி கண்டது. சுவரைத் தட்டினேன். பக்கத்து வீட்டு மலையாளச் சேச்சி ஓடிவந்தாள், எதிர் வீட்டுக் கன்னடத்து அக்கா என் மூத்தவளைத் தூக்கிக்கொண்டாள். ராணுவ மருத்துவமனை போய்ச் சேரும்வரை சேச்சி என் கையை விடவில்லை. சேச்சியின் கணவரும் அன்றைக்கு ஊரில் இல்லை. ஒருத்தி வலி இன்னொருத்திக்குத் தெரிந்திருந்தது, அதனால் சுவரைத் தட்டிய சத்தமே போதுமானதாக இருந்தது. இனிமேல் இந்தக் காத்திருப்பின் வலி ஆண்களுக்கும் தெரியவரும். 2022 முதல் கடக்வாஸ்லா தேசியப் பாதுகாப்பு அகாடமியில் பெண்களும் சேர்கிறார்கள். பிள்ளையோடு வீட்டில் காத்திருக்கும் கணவன்மாரும் நம் தெருவில் இருப்பார்கள்.

கடைசியாக ஒன்று. அந்தக் காலத்தில் எங்கள் கடிதங்களுக்கு ஊர்ப்பெயர் கிடையாது. நம்பர், பெயர், பட்டாலியன், 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவ அஞ்சலகம், அவ்வளவுதான். போய்ச்சேர நாட்கணக்காகும், முன்னால் போட்டது பின்னால் போகும். அதனால் ஒவ்வொரு இன்லாண்ட் லெட்டரிலும் மூலையில் எண் போடுவேன். ஆரம்பத்தில் ஒருமுறை, மகளுக்குக் கடும் காய்ச்சல் என்று எழுதிவிட்டேன். கடிதம் போய்ச் சேர்ந்தபோது குழந்தை தெருவில் ஓடி விளையாடிக்கொண்டிருக்கிறாள். அவரோ பனிமலையில் மூன்று வாரம் சரியாகச் சாப்பிடாமல் தவித்திருக்கிறார். அன்றிலிருந்து காய்ச்சல் விட்ட பிறகுதான் காய்ச்சல் வந்தது என்று எழுதுவேன். 1999 கார்கில் சண்டையின்போது நான் எழுதிய கடிதங்களில் நான் பயந்தேன் என்று ஒரு வரி கிடையாது. சண்டை முடிந்த ஜூலை 26-க்குப் பிறகுதான் அதை எழுதினேன்.

இன்றைக்கு வீடியோ கால் வந்துவிட்டது. ஆனாலும் இந்த ஊர்ப் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். போனில் அவர் முகம் தெரிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இங்க எல்லாரும் நல்லா இருக்கோம்" என்றுதான் தொடங்குகிறார்கள். காவலில் நிற்கிறவன் மனம் கலங்கக்கூடாது என்பதற்காக அவனிடம் மறைக்கிறார்கள். அப்படியானால் அந்தக் காய்ச்சல் யாருக்குத் தெரியும்? தெருவுக்குத் தெரியும், தெரு கண்ணைத் திறந்து பார்த்தால்.

ஆகவே தாய்மார்களே, பெரியோர்களே, உண்டியலில் காசு போடுங்கள், அது தேவைதான். அலுவலகத்தில் இருப்பவர்கள் அவள் நீட்டும் பவர் பத்திரத்தைப் பிரித்துப் படியுங்கள். பள்ளியில் இருப்பவர்கள், அப்பா வரவில்லையா என்று பிள்ளையை எல்லார் முன்னிலும் கேட்காதீர்கள். இன்றிரவு வீட்டுக்குப் போகும் வழியில், உங்கள் தெருவில் படைவீரர் வீடு ஒன்று இருந்தால் கதவைத் தட்டுங்கள். பாராட்டுரை வேண்டாம். "பிள்ளைங்க நல்லா இருக்குதா? ஆஸ்பத்திரிக்கு யாராச்சும் துணைக்கு வரணுமா?" என்று மட்டும் கேளுங்கள்.

காய்ச்சல் விட்ட பிறகு அவள் அவருக்கு எழுதிக்கொள்வாள். காய்ச்சல் இருக்கும்போது கேட்க வேண்டியவர்கள் நீங்கள்.