பெயர்களைத் தாங்கும் கருங்கல்

வாஷிங்டன் நகரில் லிங்கன் நினைவகத்துக்கு வடகிழக்கே, புல்வெளிக்குள் மெல்லச் சரிந்து இறங்கும் ஒரு நடைபாதை உண்டு. அதையொட்டி ஒரு கருப்புச் சுவர் கணுக்கால் உயரத்தில் தொடங்கி, நடக்க நடக்க எழும்பி, நடுவில் பத்தடியைத் தாண்டுகிறது. பிறகு திசை திரும்பி மறுபடி தாழ்கிறது. ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 247 அடி நீளம். ஒரு முனை லிங்கன் நினைவகத்தை நோக்குகிறது, மற்றது வாஷிங்டன் நினைவுத் தூணை. வியட்நாம் போரில் மாண்ட, காணாமற்போன 58,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினரின் பெயர்கள் இதில் உள்ளன. 1982-இல் திறக்கப்பட்ட இந்தச் சுவரை வடிவமைத்தவர் மாயா லின். போட்டிக்கு வந்த 1,421 வடிவங்களில் அவருடையது தேர்வானபோது அவர் 21 வயது மாணவி. அவர் பெற்ற புகழ் முற்றிலும் தகும். ஆனால் இந்தச் சுவர் காண்போரை உலுக்குவதில் வடிவத்துக்கு உள்ள பங்கு கல்லுக்கும் உண்டு என்பதே நான் இன்று சொல்ல வருவது. அந்தக் கல் பெங்களூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போனது.

வியாபாரத்தில் இதற்கு பிளாக் கிரானைட் என்று பெயர். புவியியலாளர்கள் இதை கப்ரோ வகையில் சேர்ப்பார்கள். உண்மையான கிரானைட்டில் குவார்ட்ஸும் வெளிர்நிற ஃபெல்ட்ஸ்பாரும் மிகுதி. ஆகவே அது சாம்பலாகவோ இளஞ்சிவப்பாகவோ, புள்ளி புள்ளியாகத் தெரியும். இந்தக் கருங்கல்லில் குவார்ட்ஸ் அநேகமாக இல்லை. பைராக்சீன், பிளாஜியோகிளேஸ், இரும்புத் தாதுக்கள் ஆகியவை நெருக்கமாகப் பின்னிக் கிடக்கின்றன. பெங்களூரைச் சூழ்ந்த நிலத்தில் சுமார் 237 கோடி ஆண்டுகளுக்கு முன் பாறைக்குழம்பு பழைய பாறைகளின் வெடிப்புகளில் புகுந்து உறைந்தது. பல கிலோமீட்டர் நீளமும் சில பத்து மீட்டர் அகலமும் கொண்ட அந்தச் செங்குத்துப் பாறைகளுக்கு டைக் என்று பெயர். தென்னிந்தியாவின் கருப்புக் கற்களில் பெரும்பாலானவை இத்தகைய டைக்குகளில் வெட்டப்படுபவைதான். குறுகலான இடத்தில் குழம்பு விரைவாகக் குளிர்வதால் படிகங்கள் பெரிதாக வளர்வதில்லை. நிறம் ஒரே சீராக இருப்பதற்கு அதுவே காரணம்.

இனி எழுத்தைப் பாருங்கள். ஒரு பெயரின் உயரம் அரை அங்குலம்தான். ஆழமோ அரை மில்லிமீட்டர்கூட இல்லை. வர்ணம் ஏதும் பூசவில்லை. ஆனாலும் படிக்க முடிகிறது. பாலிஷ் போட்ட பரப்பில் விழும் ஒளியில் ஒரு பங்கு கண்ணாடியில்போலத் திரும்பிவிடும்; மீதியைக் கரிய தாதுக்கள் விழுங்கிவிடும். மணலை வேகமாகப் பீய்ச்சி எழுத்தைப் பொறித்த இடத்தில் மட்டும் பரப்பு நொறுங்கி, ஒளி நாலாபுறமும் சிதறுகிறது. அதனால் எழுத்து வெளிர் சாம்பலாகத் துலங்குகிறது. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு சிறு குறி: வைரவடிவம் என்றால் இறப்பு உறுதியானது, சிலுவை என்றால் காணாமற்போனவர். பிற்பாடு ஒருவரின் எச்சங்கள் அடையாளம் காணப்பட்டால், சிலுவையின் மேலேயே வைரத்தைப் பொறிக்கிறார்கள். புள்ளி விழுந்த வெளிர்க் கிரானைட்டில் இவ்வளவு மெல்லிய கோடு கண்ணுக்கே பிடிபடாது. பெயரைத் தேடுகிறவரின் முகம் அந்தப் பெயரின் மீதே தெரிவதும் இதே கல்லால்தான்.

கருப்பு அவமானத்தின் நிறம், வெள்ளைக் கல்லில் எழுப்புங்கள் என்று அன்று முன்னாள் வீரர்களிலேயே சிலர் கொதித்தார்கள். அவர்களுடைய வேதனையை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் கருப்பினத்தவரான ஜெனரல் ஜார்ஜ் பிரைஸ், கருப்பு அவமானத்தின் நிறமல்ல என்று இது குறித்த ஒரு கூட்டத்தில் எழுந்து சொன்னார். அதற்குமேல் அந்த வாதத்துக்கு வலு இல்லை. கல்லின் கணக்கில் பார்த்தாலும் வெள்ளைப் பளிங்கு சரிப்படாது. அது கால்சைட், அமில மழையில் கரையும். இத்தனை ஆழமற்ற எழுத்து அதில் சீக்கிரமே மழுங்கிவிடும்.

கருங்கல்லுக்கு எதிரான வலுவான மறுப்பு புவியியலிலிருந்தே வருகிறது. எந்தத் தாது முதலில் சிதையும் என்று புவியியலாளர் கோல்டிச் 1938-இல் வரிசைப்படுத்தினார். அதன்படி பைராக்சீன் முந்திக்கொள்ளும், குவார்ட்ஸ் கடைசிவரை நிற்கும். அப்படியானால் கிரானைட்தானே நிலைக்கும் என்று கேட்கலாம். நெடுங்காலக் கணக்கில் நிலைக்கும்தான். வாஷிங்டன் சுவரின் சில பலகைகளில் மயிரிழை விரிசல்கள் விழுந்ததும் உண்மை. ஆனால் பெயரைத் தேடி வருவோர் மனைவி, மகன், பேத்தி. அவர்கள் கண்ணுக்கு எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும். அந்தத் தெளிவைத் தரமுடியாத கல் எத்தனை யுகம் நின்றாலும் நினைவுச் சின்னத்துக்கு அது போதாது.

ஐயம் இருப்பவர்கள் அங்கேயே சோதித்துப் பார்க்கலாம். லிங்கன் நினைவகத்துக்கு எதிரே உள்ள நீண்ட குளத்துக்குத் தெற்கே, 1995-இல் திறந்த கொரியப் போர் நினைவகம் இருக்கிறது. அங்கே கலிபோர்னியாவின் கருங்கல்லில் 2,400-க்கும் மேற்பட்ட நிழற்படங்களை மணல் பீய்ச்சியே பதித்திருக்கிறார்கள்; செவிலியர், சமையற்காரர், ஓட்டுநர் என்று முகங்கள் ஒவ்வொன்றாகத் தெரியும். குளத்தின் கிழக்குக் கோடியில், 2004-இல் திறந்த இரண்டாம் உலகப் போர் நினைவகம் வெளிர் நிறக் கிரானைட். அதில் எழுத்துகளைப் பெரிதாக, ஆழமாக வெட்டியிருக்கிறார்கள். பள்ளத்தில் விழும் நிழலை வைத்துத்தான் அவற்றைப் படிக்கவேண்டும்.