பாலம் கட்டிய நடிகர்



“இன்ஜினீயர் மேடையேறி சினிமாக் கதை பேசுறானே” என்று நினைக்காதீர்கள். நான் பேச வந்தது ஒரு பாலத்தைப் பற்றியும்தான். திரையில் அதைக் கட்டியவர் ஆங்கில நடிகர் அலெக் கின்னஸ்.

1914-ல் லண்டனில் பிறந்தவர். தகப்பனார் யாரென்று கடைசிவரை அவருக்கு உறுதியாகத் தெரியாது. விளம்பரக் கம்பெனியில் வாசகம் எழுதிக்கொண்டிருந்தவர், நடிக்க வந்தார். 1934-ல் ஜான் கீல்குட்டின் ‘ஹாம்லெட்’ நாடகத்தில் சின்ன வேடம். உலகப்போரில் கடற்படைக்குப் போய், 1943-ல் சிசிலியில் படைகளை இறக்கிய படகு ஒன்றுக்குத் தலைமை ஏற்றார். திரும்பி வந்து, ‘கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கரோனெட்ஸ்’ (1949) படத்தில் எட்டு வேடம் போட்டார். அதில் ஒன்று பெண் வேடம்!

1957-ல் ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்’. முதலில் மாட்டேன் என்றவர், பிறகு ஒப்புக்கொண்டார். ஜப்பானியரிடம் கைதியான கர்னல் நிக்கல்சன் வேடம். தன் சிப்பாய்கள் மனம் தளரக்கூடாது என்று எதிரிக்கான ரயில் பாலத்தைத் திருத்தமாகக் கட்ட ஆரம்பிக்கிறார். போகப்போக, யாருக்காகக் கட்டுகிறோம் என்பதே மறந்துபோகிறது. நோயாளிகளைக்கூட வேலைக்கு அழைக்கிறார். கடைசி நிமிஷத்தில்தான் கண் திறக்கிறது.

தண்டனைக் கொட்டடியிலிருந்து அவர் தள்ளாடி வரும் நடையைப் பாருங்கள். போலியோவிலிருந்து மீண்ட தன் மகன் நடந்ததை நினைத்து நடந்தாராம். அந்தப் படத்துக்கு ஆஸ்கார் விருது பெற்றார். 1959-ல் ‘சர்’ பட்டமும் வந்தது.

படம் பிடித்தது இலங்கையில், கித்துள்கலையில். கதைக்குப் பின்னால் இருப்பதோ நிஜமான சயாம் மரண ரயில்பாதை. 1942-43-ல் சுமார் 415 கிலோமீட்டர் பாதை போட, மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். அவர்கள் கதை அந்தப் படத்தில் இல்லை.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். ஒரு சைட்டில், காய்ச்சலோடு வந்த கூலியாளிடம், “இன்னிக்கு ஸ்லாப் முடிஞ்சாகணும்ப்பா” என்று நானும் சொல்லியிருக்கிறேன். ஸ்லாப் நன்றாகத்தான் வந்தது. அன்று ராத்திரி எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. நிக்கல்சன் முகம் வந்து நின்றது.

1977-ல் ‘ஸ்டார் வார்ஸ்’ அவரை உலகத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் அறிமுகப்படுத்தியது. 2000-ல் காலமானார். எனக்கு அவர் என்றைக்கும் அந்தக் கர்னல்தான்.

தம்பி தங்கைகளே, வேலையை ஆசையோடு செய்யுங்கள். ஆனால் யாருக்காக, யார் முதுகில் ஏறிக் கட்டுகிறோம் என்று நடுநடுவே நின்று கேளுங்கள். எந்தப் பாடப்புத்தகமும் எனக்கு இதைச் சொல்லவில்லை. ஒரு நடிகர் சொன்னார்.